கண்ணியும் கணக்கும்

மனிதர் அன்றாடம் கையாளும் பொருள்களுள் பெரும்பாலானவை அவர்தம் சிந்தனைக்கு வருவதே இல்லை. உண்ணும் தட்டு, உடுக்கும் உடை, கதவின் பூட்டு ஆகியவை இருக்கும்வரை கண்ணுக்குத் தெரிவதில்லை, காணாமற்போனால்தான் தேடப்படுகின்றன. தோளில் தொங்கும் சிறு பையும் அத்தகையதே. காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போது அது தோளில் ஏறுகிறது. மாலையில் சுவராணியில் தொங்குகிறது. அடையாள அட்டை, கைத்தொலைபேசி, மூக்குக்கண்ணாடி, சில்லறைக் காசு ஆகிய அனைத்தையும் காத்துத் தரும் அதனை நினைத்துப் பார்ப்பவர் இல்லை. பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பை, எழுத்தாளர் தோளில் தொங்கிய ஜோல்னாப்பை, இன்றைய பெண்கள் ஒரு தோளிலிருந்து மறுபக்க இடுப்புவரை குறுக்காக அணியும் சிறு பை ஆகியவை வடிவத்தில் வேறாயினும் பணியில் ஒன்றே.

இத்தகைய பை ஒன்றைக் கடையில் வாங்காமல், நூலும் ஊசியும் கொண்டு தம் கையாலேயே பின்னிக்கொள்பவர் இக்காலத்திலும் உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எந்தப் பேரங்காடிக்குள் நுழைந்தாலும் பைகள் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. இரவுச் சந்தையில் அவை இன்னும் மலிவு. அவ்வாறிருக்க, ஒரு பைக்காகப் பல மாலைப்பொழுதுகளைச் செலவிடுவது அறிவுடைமையா? வசதி படைத்தோரின் ஆடம்பரமா? அல்லது அதில் அறம் என்று சொல்லத்தக்கது ஏதேனும் உண்டா? கேள்வி சிறிதுபோல் தோன்றும். ஆயினும், பிறர் உழைப்பை எவ்வாறு மதிப்பது என்னும் பெரிய கேள்வி அதற்குள் சுருண்டு கிடக்கிறது.

முதலில் அந்தப் பை உருவாகும் முறையைக் காண்பது நன்று. பின்னல் என்பது நெசவு அன்று. நெசவில் பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றையொன்று குறுக்கே கடந்து துணியாகின்றன. பின்னலுக்கோ ஒரே நூல் போதும். அந்நூலை வளைத்து ஒரு கண்ணியாக்கி, அக்கண்ணியின் ஊடே அடுத்த கண்ணியை இழுத்தெடுப்பதே அதன் முழு இரகசியம். ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழுள்ளதைப் பிடித்துக்கொண்டு, தனக்கு மேலுள்ளதால் பிடிக்கப்பட்டு நிற்கிறது. ஊசியிலிருந்து ஒன்று நழுவினால், அதன் கீழுள்ளவை ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்து ஏணிபோல் இறங்கிவிடும்.

வெப்ப நாட்டில் அன்றாடம் அணியும் பைக்குக் கம்பளியைவிடப் பருத்தி நூலே ஏற்றது. அது உடலில் உறுத்தாது. வியர்வை பட்டாலும் துவைத்துக்கொள்ளலாம். ஆனால் பருத்திக்குக் கம்பளியைப் போன்ற மீள்திறம் இல்லை. பாரம் ஏறினால் நீளும். நீண்டது பழைய அளவுக்கு எளிதில் திரும்பாது. ஆகவே நெருக்கமாகப் பின்ன வேண்டும். உள்ளே ஒரு துணியை வைத்துத் தைக்க வேண்டும். தோள்வாரின் பின்புறத்தில் நாடா ஒன்றை இணைக்க வேண்டும். முன்னும் பின்னும் எல்லா வரிசைகளையும் ஒரே வகைக் கண்ணியாகப் பின்னினால் ஓரம் சுருளாமல் நிற்கும். 36 சென்டிமீட்டர் நீளமுள்ள பட்டை ஒன்றைப் பின்னி, இரண்டாக மடித்து, இரு பக்கங்களையும் தைத்தால் பை ஆயிற்று. முதன்முதலாக ஊசி பிடிப்பவரும் செய்யத்தக்க எளிய வேலை இது.

எளிய வேலைதான், ஆனால் குறைந்த வேலை அன்று. அதனை எண்ணிப் பார்க்கலாம். நடுத்தரப் பருமனுள்ள நூலும் 4 மில்லிமீட்டர் ஊசியும் கொண்டு இம்முறையில் பின்னினால், 10 சென்டிமீட்டர் சதுரத்தில் ஏறத்தாழ 20 கண்ணிகளும் 40 வரிசைகளும் அமையும். பையின் அகலம் 20 சென்டிமீட்டர் என்றால் வரிசைக்கு 40 கண்ணிகள். 36 சென்டிமீட்டர் நீளத்திற்கு 144 வரிசைகள். ஆக, பையின் உடல் மட்டும் 5,760 கண்ணிகள். தோள்வார் 3 சென்டிமீட்டர் அகலமும் 120 சென்டிமீட்டர் நீளமும் உடையதானால், அதற்கு 2,880 கண்ணிகள். இரண்டும் சேர்ந்து 8,640. பழகிய கை நிமிடத்திற்கு 20 கண்ணிகள் பின்னுவதாகக் கொண்டாலும் 432 நிமிடங்கள் வேண்டும். அதாவது 7 மணி 12 நிமிடம். பக்கங்களைத் தைத்தல், உள்துணி வைத்தல், தோள்வாரை இணைத்தல் ஆகியவற்றையும் சேர்த்தால் ஒன்பது மணி நேரத்தை நெருங்கும்.

அந்த ஒன்பது மணி நேரத்திற்கு விலை என்ன? மலேசியாவில் 2025-ஆம் ஆண்டில் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம், மணிக்கணக்கில் 8.72 ரிங்கிட் ஆகும். அதன்படி ஒன்பது மணி நேரத்தின் கூலி 78 ரிங்கிட் 48 சென். நூலின் விலை இதில் இல்லை; உள்துணியின் விலை இல்லை; பின்னலைக் கற்றுக்கொள்ள ஆன காலமும் இல்லை. சட்டம் ஒப்புக்கொள்ளும் மிகக் குறைந்த கூலியைக் கொண்டு போட்ட கணக்கே இது. இக்கணக்கின்படி விலை சொன்னால், வாங்க வந்தவர் வியப்புடன் பையைக் கீழே வைத்துவிட்டு நடந்துவிடுவார்.

இவ்விடத்தில் வணிகர் ஒருவர் குறுக்கிட்டு, "சந்தை தராத விலையைக் கேட்பவர் அறிவிலி, முப்பது வெள்ளிக்குக் கிடைப்பதை எழுபது வெள்ளி உழைப்பால் செய்வது வீண்" என்பார். அவர் கூற்றில் தவறில்லை என்றே முதலில் தோன்றும். ஆனால் அக்கூற்று ஒரு கேள்வியை எழுப்பாமலே தாண்டிச் செல்கிறது. முப்பது வெள்ளிக்கு விற்கப்படும் பையில் மீதி வெள்ளி எங்கே போயிற்று?

அதன் ஒரு பகுதியை எந்திரம் சேமித்தது. அதனை மறுக்க வேண்டுவதில்லை. திருப்பூரின் பின்னலாடை ஆலைகளில் வட்டப் பின்னல் எந்திரங்கள் கணப்பொழுதில் ஆயிரக்கணக்கான கண்ணிகளைப் பின்னித் தள்ளுகின்றன. கை ஒரு நாள் முழுதும் செய்வதை அவை சில நிமிடங்களில் முடிக்கின்றன. மனித முதுகும் கண்ணும் படும் துன்பத்தை எந்திரம் குறைக்குமானால் அது நன்மையே.

ஆயினும் எந்திரத்தால் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. இரண்டு ஊசிகளால் பின்னும் பின்னலை எந்திரம் செய்யும். ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே பின்னலை அவ்வாறே செய்யவல்ல எந்திரம் ஆலைகளில் வழக்கிற்கு வரவில்லை. ஆகவே, உண்மையான குரோஷே பை ஒன்று எந்தக் கடையில் எந்த விலைச்சீட்டோடு தொங்கினாலும், அதன் ஒவ்வொரு கண்ணியையும் ஏதோ ஒரு மனிதக் கை பின்னியிருக்கிறது. அந்தக் கைக்கும் நிமிடத்திற்கு அறுபது நொடிகளே. அந்தப் பை மிக மலிவாக இருக்குமானால், எந்திரம் எதையும் சேமித்துத் தரவில்லை. ஒரு மனிதருடைய நேரம் கணக்கில் எழுதப்படாமல் விடப்பட்டிருக்கிறது.

அவ்வாறு விடப்பட்ட கணக்கு எங்கே போய் முடியும் என்பதை உலகம் 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் கண்டது. வங்காளதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவாரில், ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் சரிந்தது. அதனுள் ஆயத்த ஆடை ஆலைகள் இயங்கின. முதல் நாளே சுவர்களில் வெடிப்புகள் காணப்பட்டன. இருந்தும் மறுநாள் காலையில் தொழிலாளர் வேலைக்கு ஏற்றப்பட்டனர். 1,134 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அப்போது அந்நாட்டு ஆடைத் தொழிலாளரின் குறைந்தபட்ச மாதக் கூலி 3,000 டாக்கா. அங்குத் தைக்கப்பட்ட உடைகள் உலகின் பெருநகரக் கடைகளுக்குச் சென்றன. அவற்றை வாங்கியவர் எவரும் கொலைஞர் அல்லர். ஆனால் விலைச்சீட்டைப் படித்தவர் பலர். அதில் எழுதப்படாததைப் படித்தவர் சிலரே.

உழைப்பவரின் கணக்கு விடுபடும் கதை புதிதன்று. பின்னலின் வரலாற்றிலேயே அது பதிந்துள்ளது. 1589-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் எந்திரத்தை உருவாக்கினார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வாழ்வு கெடும் என்று கூறி முதலாம் எலிசபெத் அரசி அதற்குக் காப்புரிமை தர மறுத்தார் எனக் கூறப்பட்டுவருகிறது. எந்திரம் நின்றுவிடவில்லை, பரவியது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1811-இல், நாட்டிங்காம் வட்டாரத்தில் காலுறை பின்னும் தொழிலாளர் இரவில் கூடி எந்திரங்களை உடைத்தனர். லட்டைட்டுகள் எனப்பட்ட அவர்களை, முன்னேற்றம் அறியாத மூடர் என்று பின்வந்தோர் இகழ்ந்தனர். உண்மையில் அவர்கள் தலைமுறைகளாக அந்த எந்திரத்தில் வேலை செய்தவர்களே. கூலி குறைக்கப்பட்டதும், அகலத் துணியை வெட்டி ஒட்டுத் தைத்த மட்டமான காலுறைகளால் தொழிலின் பெயர் கெடுக்கப்பட்டதுமே அவர்களைச் சினங்கொள்ளச் செய்தன. 1812-இல் எந்திரம் உடைப்போருக்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதனை எதிர்த்துப் பேசினார். சட்டம் நிறைவேறியது.

இவற்றையெல்லாம் கேட்டபின், "கையால் செய்வதே அறம், ஆலையில் செய்வது பாவம்" என்று முடிவுகட்டத் தோன்றும். அதுவும் அவசர முடிவே. கையால் பின்னுபவரின் நூல் ஆலையிலிருந்து வந்தது. ஊசியும் சாயமும் அவ்வாறே. அந்தப் பருத்தியை யார் பறித்தார், என்ன கூலி பெற்றார் என்பது பின்னுபவருக்குத் தெரியாது. மேலும், மாலையில் அமர்ந்து பின்னுவதற்கு ஒரு மாலை வேண்டும். விடியுமுன் எழுந்து பால்மரக் காட்டிற்குச் சென்று, திரும்பி வந்து சமைத்துத் துவைத்துப் பிள்ளைகளைப் பேணிய தோட்டப் பெண்ணுக்கு அத்தகைய மாலை வாய்த்ததா? ஓய்வு உடையவர் தம் ஓய்வையே தகுதியாகக் கருதிக்கொண்டு, ஓய்வற்றவரைக் குறைவாக மதிப்பாரானால், அவர் கையில் உள்ள ஊசியால் ஒரு பயனும் இல்லை.

கைத்தொழிலை அறமாகவே போற்றிய இயக்கமும் இந்த உண்மையை எதிர்கொள்ள நேர்ந்தது. காந்தியடிகளின் முயற்சியால் 1925-இல் அகில இந்திய நூற்போர் சங்கம் தோன்றியது. இராட்டையும் கதரும் விடுதலைப் போரின் அடையாளங்கள் ஆயின. ஆயினும் நூற்ற பெண்களுக்குக் கிடைத்த கூலி மிகச் சொற்பமாகவே இருந்தது. கதர் மலிவாக இருந்தால்தான் விற்கும் என்று பலர் எண்ணினர். 1935-இல் காந்தியடிகளே, நூற்பவர்க்கு வாழ்வதற்குப் போதிய கூலி தரப்பட வேண்டும் என்று வற்புறுத்தினார். விலை ஏறும், விற்பனை குறையும் என்ற அச்சம் எழுந்தபோதும் அவர் அக்கொள்கையை விடவில்லை. கையால் ஆனது என்பதனாலேயே ஒரு துணி நீதியுடையது ஆகிவிடாது. அதனை நூற்றவரின் நேரமும் எண்ணப்பட வேண்டும். கதருக்கும் அதுவே கட்டளை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நேரத்தை எண்ணாமல் விடும் இப்பழக்கம் தொலைவிலுள்ள ஆலைகளில் மட்டும் நடப்பதன்று. அது வீட்டு வாசலிலும் நடக்கிறது. அழகிய பை ஒன்றை அணிந்து ஒரு பெண் கோயிலுக்கோ திருமணத்திற்கோ செல்கிறார் எனக் கொள்ளலாம். தெரிந்தவர் ஒருவர் அதனைத் தடவிப் பார்த்து மகிழ்கிறார். "அக்கா, நீங்களே பின்னியதா? நூல் காசைக் கொடுத்துவிடுகிறேன், எனக்கும் ஒன்று பின்னிக் கொடுங்களேன்" என்கிறார். கேட்டவர் கெட்டவர் அல்லர், அன்புடையவரே. இனாமாகவும் கேட்கவில்லை, நூல் காசைத் தர முன்வருகிறார். ஆனால் அந்தச் சொற்களை நிறுத்துப் பார்த்தால் ஒரு கணக்கு தெரியும். நூலுக்கு விலை உண்டு. ஒன்பது மணி நேரத்திற்கு விலை இல்லை. 8,640 முறை வளைந்த விரலுக்கு விலை இல்லை.

பெண்களின் கைவேலையைப் பொழுதுபோக்கு என்று அழைத்துப் பழகியதன் விளைவு இது. பொழுது தானே போவதுபோலவும், அதனோடு ஒரு பை தானே விளைந்ததுபோலவும் அச்சொல் எண்ணச் செய்கிறது. தமிழின் பழைய நூல்கள் இவ்வகையில் கண் திறந்தே இருந்தன. புறநானூறு, சிறு விளக்கின் ஒளியில் இரவிலும் பஞ்சோடு உழைக்கும் பெண்ணைக் காட்டுகிறது. நன்னூல் தன் பாயிரத்தில் நூல் இயற்றுதலை நூல் நூற்றலோடு ஒப்பிட்டு, புலவனை நூற்கும் பெண்ணின் இடத்தில் வைக்கிறது. ஒரே சொல்லால் இழையையும் ஏட்டையும் குறித்த மொழி தமிழ். கண்ணி என்பதும் அத்தகைய சொல்லே. பின்னலின் வளையத்திற்கும் அதுவே பெயர், இரண்டடிப் பாட்டிற்கும் அதுவே பெயர். புலவரின் உழைப்புக்குப் பொன்னும் பொற்பூவும் தந்தவர்களை வரலாறு நினைவில் வைத்துள்ளது. இழை நூற்றவருக்கு என்ன தரப்பட்டது என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை.

இங்கே இரண்டு ஐயங்கள் எழக்கூடும். எல்லாவற்றையும் மணிக்கணக்காக்கிக் கூலி கேட்கத் தொடங்கினால், அன்புக்கு இடம் எங்கே என்பது ஒன்று. பேத்திக்குப் பை பின்னும் பாட்டி கூலி கேட்பாரா? கேட்க மாட்டார், கேட்கவும் வேண்டுவதில்லை. கொடுப்பவர் தம் நேரத்தை எண்ணாதிருந்தால் அது அன்பு. பெறுபவர் பிறருடைய நேரத்தை எண்ணாதிருந்தால் அதற்கு வேறு பெயர். பாட்டி கணக்குப் பார்க்கவில்லை என்பதனாலேயே, பேத்தி அதனை நன்கு எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவள். எட்டாயிரம் கண்ணிகளைத் தனக்காக ஒருவர் பின்னினார் என்று அறிந்தவள், அப்பையை ஒரு மாதத்தில் மூலையில் எறியமாட்டாள். நூலின் விலையை மட்டும் அறிந்தவள் எறிந்துவிடக்கூடும்.

மற்றோர் ஐயம் இதனினும் கடுமையானது. மலிவான பொருளை வாங்குபவர் பலர் ஏழைகள். அவர்களுக்கு வேறு வழி இல்லை. அப்பொருளைச் செய்பவரும் ஏழைகள். வாங்குவோர் நின்றுவிட்டால் இருக்கும் சிறு கூலியும் போய்விடும். ஆகவே விலையைப் பற்றி அறம் பேசுவது வயிறு நிறைந்தவரின் பேச்சு என்பர். இதில் உண்மை உண்டு. முப்பது வெள்ளியைப் புரட்டவே திண்டாடும் தாயிடம் போய் எவரும் இக்கணக்கைக் காட்டவேண்டியதில்லை. அவளும் கணக்கில் விடுபட்டவளே. ஆனால் தேவைக்கு ஒன்று இருக்க, நிறத்திற்கு ஒன்றாக ஐந்து வாங்குபவரும், விலை குறையக் குறையத் தம்மைத் திறமைசாலி என்று எண்ணிக்கொள்பவரும் அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. வாங்குவதை நிறுத்துவதால் மட்டும் நீதி பிறக்காது என்பதும் மெய்யே. ராணா பிளாசா விபத்துக்குப் பின், தொழிற்சங்கங்களும் வணிக நிறுவனங்களும் கட்டடப் பாதுகாப்பிற்காக 2013 மே மாதத்தில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. வாங்குவோர் வாயடைத்திருந்தால் அது நடந்திருக்காது. எவருடைய உழைப்பு, என்ன கூலி என்று கேட்பதற்கு உரிமை உடையவர் வாங்குபவரே; அக்கேள்வியைத் தவிர்ப்பதற்கே மலிவு பழக்கிவிடுகிறது.

அப்படியானால், தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை என்ன? ஒரு சிறு பையைக் கையால் பின்னுவது பணக் கணக்கில் நட்டம். அதனால் உலகச் சந்தை திருந்திவிடாது. அதனைச் செய்பவர் செய்யாதவரைவிட உயர்ந்தவரும் ஆகிவிடமாட்டார். ஆயினும் அது ஒரு கல்வி. உழைப்பு அரியது என்று ஆயிரம் முறை படித்தவருக்கும் அது சொல்லாகவே இருக்கும். நாற்பது கண்ணிகளை ஊசியில் ஏற்றி, நூறாவது வரிசையில் தோள் வலிக்க, நடுவில் ஒன்று நழுவியதைக் கண்டு அவிழ்த்துத் திரும்பப் பின்னியவருக்கு அது விரலின் அறிவாகிவிடுகிறது. அதன்பின் அவர் கடையில் தொங்கும் பையைத் தொடும்போது, அவருடைய விரல்கள் தாமாகவே எண்ணத் தொடங்கும். பேரம் பேச வாய் திறக்குமுன் ஒரு தயக்கம் வரும். அந்தத் தயக்கமே அறத்தின் தொடக்கம்.

எல்லாரும் பின்னல் கற்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் மரப்பலகையை இழைத்து ஒரு முக்காலி செய்யலாம். ஒருவர் கூடை முடையலாம். ஒருவர் பாத்தி வெட்டிக் கீரை வளர்க்கலாம். அன்றாடம் பயன்படுத்தும் பொருள் ஒன்றை, வாழ்நாளில் ஒருமுறையேனும், தொடக்கம் முதல் முடிவுவரை தம் கையால் செய்து பார்ப்பது ஒவ்வொருவருக்கும் நல்லது. ஆணும் செய்யலாம், ஊசிக்கு ஆண் பெண் என்ற வேற்றுமை தெரியாது. பிள்ளைகளுக்குக் கைவேலை கற்பிப்போர், முடிந்த பொருளுக்கு மதிப்பெண் இடுவதோடு நில்லாமல், அதற்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எழுதிவரச் சொல்வாராயின், அப்பிள்ளைகள் பெறும் கல்வி பாடநூலில் அடங்காததாக இருக்கும்.

கைவேலை செய்பவர்க்கும் ஒரு கடமை உண்டு. விலை சொல்ல நேரும்போது அவர் நாணித் தலைகுனிய வேண்டுவதில்லை. தம் நேரத்தைச் சுழியமாக எழுதுபவர், தம்மைப்போல் பின்னிப் பிழைக்கும் இன்னொருவரின் நேரத்தையும் சுழியமாக்குகிறார். அன்பால் கொடுப்பதை அன்பு என்று சொல்லிக் கொடுக்கட்டும். விற்பதை உரிய விலை சொல்லி விற்கட்டும். வாங்க முடியாதவர் வாங்காமல் போகலாம். அதில் இழிவு இல்லை. "நூல் காசு தருகிறேன்" என்று இனி ஒருவர் கேட்டால், நூல் எவ்வளவு என்பதோடு நேரம் எவ்வளவு என்பதையும் அவருக்கு அமைதியாகச் சொல்லிவிடலாம். கேட்டவர் நல்லவராயின் வெட்கப்படமாட்டார். தாமும் அருகில் அமர்ந்து, "எப்படிப் பின்னுவது, காட்டுங்கள்" என்பார்.